எட்டு முடிச்சுக் கோட்டு

ஒரு காட்டில் மழைக்கோட்டுக் கடை ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள். நீங்கள் நனைந்தால் துடைத்துவிடத் துண்டு இருக்கிறது, தும்மினால் ஊசி போட டாக்டர் இருக்கிறார். கரடிக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

கடையில் தைப்பவள் ரெஜினா என்ற தையல்சிட்டு. கட்டைவிரல் பருமன்தான் இருப்பாள். அலகுதான் அவளுக்கு ஊசி. இலை ஓரத்தில் ஓட்டை போடுவாள், பஞ்சைத் திரித்த நூலை அதில் நுழைத்து இழுப்பாள், இறுக்குவாள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவள் வாயில் நூல் இருக்கும். அதனால் யார் என்ன கேட்டாலும் "ம்" என்பாள். அந்த "ம்" ஆமாம் என்பதா, இல்லை என்பதா, தொந்தரவு செய்யாதே என்பதா என்று காட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருவரும் மெனக்கெட்டதும் இல்லை.

சின்னக் கோட்டோ பெரிய கோட்டோ, விலை பத்து அத்திப்பழம். வருகிறவர்கள் பழத்தைக் கிளையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வம்பும் இல்லை.

வம்பு இல்லாத இடத்தைப் பார்த்தால் சிலருக்குத் தாங்காது. வரதப்பன் என்ற கீரி, "வாய் பேசாதவள் கடை நடத்த முடியுமா, வருகிறவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டாமா" என்று தானே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான். ரெஜினா "ம்" என்றாள். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டான்.

அந்த வாரமே பிச்சுமணி என்ற சுண்டெலி ஒரு நியாயத்தோடு வந்தது. என் கோட்டுக்கு ஒரே ஒரு இலை, கரடியம்மா கோட்டுக்குப் பதினாறு தேக்கிலை, இரண்டுக்கும் ஒரே விலை என்றால் அவள் கோட்டுக்கும் சேர்த்து நானா அழுகிறேன் என்று கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

வரதப்பன் உடனே ஒரு கொடியைப் பிடுங்கி அதில் வரிசையாக முடிச்சுப் போட்டான். இனிமேல் வருகிறவர் வயிற்றைச் சுற்றி இந்தக் கொடியை வைத்து அளப்போம், முடிச்சுக்குப் பத்துப் பழம் என்று அறிவித்தான். சுண்டெலிக்கு அரை முடிச்சு கூட வரவில்லை. நான்கே பழத்தோடு குதித்துக்கொண்டு உள்ளே போனது.

நாலு நாள் கழித்து அஞ்சலை வந்தாள். கரடி. முதுகில் இரண்டு குட்டிகள். எங்கே போனாலும் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போவாள். முந்தின நாள் தூறிய தூறலிலேயே சின்னக் குட்டிக்குத் தும்மல் பிடித்து, உடம்பு லேசாகச் சுட்டது. ஓரிரு நாளில் பெருமழை இறங்கிவிடும் என்று எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதற்குள் குட்டிகளும் உள்ளே அடங்குகிற மாதிரி ஒரு கோட்டு வேண்டும். அவளுக்கு வேறு கவலை இல்லை.

வரதப்பன் கொடியைச் சுற்றினான். ஒருமுறை சுற்றி, மூச்சு வாங்க நின்று, மறுபடி இழுத்தான். எட்டு முடிச்சு. எண்பது பழம்.

"போன வருஷம் பத்துதானே அண்ணே?" என்றாள் அஞ்சலை.

"போன வருஷம் நான் இல்லையேம்மா. வாயைக் கட்டினா விலையும் தானா குறையும். சாப்பாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒரு அறை விட்டிருப்பார்கள். அஞ்சலைக்குக் கோபத்தைவிட யோசனைதான் முந்திக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்தே அப்படி. தேனடையைப் பார்த்தால்கூட, முதலில் இதற்கு ஏன் ஆறு மூலை என்று யோசித்துவிட்டுத்தான் வாய் வைப்பாள்.

எலி சொன்னதில் தப்பில்லையே என்று நினைத்தாள். இலை எனக்கு அதிகம்தான். ஆனால் எட்டு மடங்கு எங்கிருந்து வந்தது?

"இந்த முதல் முடிச்சை எதை வச்சு அண்ணே போட்டீங்க?" என்று கேட்டாள்.

"அது காட்டுக்குப் பொதுவான அளவு" என்றான் வரதப்பன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டான்.

அஞ்சலை அத்திமரத்துக்குப் போனாள். எட்டுகிற கிளைகளை எல்லாம் குரங்குகள் ஏற்கெனவே மொட்டையடித்திருந்தன. குட்டிகளை வைத்துக்கொண்டு உச்சிக்கு ஏறவும் பயம். அரை நாள் அலைந்து பன்னிரண்டு பழம் சேர்த்தாள். எண்பது சேருவதற்குள் மழை வந்து, நின்று, அடுத்த மழையும் வந்துவிடும்.

பழத்தோடு திரும்பி வந்தவள் நேராக வரிசைக்குப் போகவில்லை. கடைக்கு எதிரே ஒரு பாறைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

அங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. முடிச்சுக்கு விலை என்று தெரிந்ததும், அளக்கிற நேரத்தில் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்து நின்றார்கள். மரநாய் மூன்று நாளாகப் பட்டினி கிடந்து வந்திருந்தது. கோட்டைச்சாமி என்ற காட்டுப்பன்றி முந்தின நாள் அளவு கொடுக்கும்போது, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்து, கண் பிதுங்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு முடிச்சு உடம்பு நான்கில் அடங்கியது. இன்று கோட்டை வாங்க வந்தபோதும் அதே மாதிரி மூச்சை இழுத்துத்தான் மாட்டிக்கொண்டார். நாலடி நடந்தார். ஒரு தும்மல். முதுகு, விலா, கழுத்து என்று மூன்று இடத்தில் கோட்டு பட்டென்று பிரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற மரநாய் காணாததுபோல் வானத்தைப் பார்த்தது.

அஞ்சலை பன்றியை விட்டுவிட்டுக் கிளைக்குள் பார்த்தாள். ரெஜினா சுண்டெலியின் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். கரடிக்கு எண்ணத் தெரியும். தேனீக்களை எண்ணிப் பழக்கம். நாலு காலுக்கு நாலு கை, ஒவ்வொன்றும் புல்தண்டு அகலம். காதுக்கு இரண்டு மூடி. வாலுக்கு ஓட்டை. பிச்சுமணி வந்து போட்டுப் பார்த்து, வால் ஓட்டை ஒரு இழை இடது பக்கம் தள்ளி இருக்கிறது என்றது. பிரித்துத் தைத்தாள். மறுபடி வந்து, மீசை குத்துகிறது என்றது. மறுபடி பிரித்தாள். பொழுது மேற்கே சாய்ந்தும் அந்த ஒரே இலை முடியவில்லை.

தண்ணீர் குடிக்க ரெஜினா நூலைக் கீழே வைத்தாள். அஞ்சலை எழுந்து கிட்டே போனாள்.

"ரெஜினாக்கா, எலி கோட்டு கஷ்டமா, என் கோட்டு கஷ்டமா?"

ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாய் திறந்தாள் பாருங்கள், அணை உடைந்த மாதிரி கொட்டியது. தேக்கிலை முறம் மாதிரி இருக்கும், நேராக ஒரு ஓட்டு ஓட்டினால் முடிந்தது, கரடிக் கோட்டுக்குக் கை கிடையாது, காது மூடி கிடையாது, அரை நாள் வேலை. இந்த எலிக் கோட்டுதான் கண்ணைப் பிடுங்குகிறது, ஒரு முழு நாளும் போய்விடுகிறது என்றாள். பெரிய கோட்டுக்கு நோவு எல்லாம் இலை சுமந்து வருவதில்தான், அதை அணில்களுக்குப் பழம் கொடுத்துச் சுமக்கச் சொல்கிறேன் என்றாள். அவள் சொல்லிமுடித்தபோது எதிர்க் கிளையில் வெயிலே மாறியிருந்தது.

"அப்போ இலையை நானே கொண்டுவந்தா?"

ரெஜினா அவளைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு நூலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அஞ்சலை பதினாறு தேக்கிலைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். மேற்கே வானம் கறுத்திருந்தது. சின்னக் குட்டி இப்போது தும்மவில்லை. தும்மத் தெம்பில்லாமல் அவள் கழுத்து மயிரில் முகத்தைப் புதைத்துக் கிடந்தது.

பத்துப் பழத்தை எண்ணி வைத்தாள். வரதப்பன் எண்பது என்றான்.

"எதுக்கு அண்ணே எண்பது? இலை என்னுது."

"அளவு பெரிசு, அதனால வேலையும் பெரிசு" என்றான். "வேலைக்குத்தானே கூலி."

"வேலைக்குத்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்றீங்க?"

"ஆயிரம் தடவை சொல்வேன்."

"அப்போ வேலை செய்றவங்களையே கேட்டுடலாம்" என்றாள் அஞ்சலை.

கிளையில் ரெஜினா நூலைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி மேலே பார்த்தார்கள். அவளுக்குக் குரல் உண்டு என்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

"கரடிக் கோட்டுக்கு அரை நாள்" என்றாள் ரெஜினா. "எலிக் கோட்டுக்கு முழு நாள். இதோ இருக்கிற வரதப்பன் கோட்டுக்கு நாலு நாள். கழுத்தில சுருக்கு வை, வாலுக்குத் தனியா உறை தை, ஓரம் முழுக்கக் கொசுவம் வைன்னு உயிரை வாங்கிட்டான். எடுத்துட்டுப் போனது ஒரு முடிச்சு விலைக்கு."

எல்லாரும் வரதப்பனைப் பார்த்தார்கள். அஞ்சலைக்கு நேற்றுக் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. கொடியை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி, அவன் இடுப்பைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். முதல் முடிச்சு இம்மியும் கூடாமல் குறையாமல் வந்து உட்கார்ந்தது.

"பொதுவான அளவு இதுதானா அண்ணே?" என்றாள். நையாண்டிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வரதப்பன் கடைக்குப் பின்னால் ஏதோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். இன்னும் அந்த வேலை முடியவில்லை.

பிச்சுமணிதான் முதலில் வாயைத் திறந்தது. முழு நாள் வேலை என்றால் தனக்கு விலை ஏறிவிடுமோ என்று அதற்கு உதறல். ரெஜினா அதிகம் யோசிக்கவில்லை. இலை அவரவர் கொண்டுவருவது, தையலுக்குப் பழையபடி எல்லாருக்கும் பத்து, மூன்றாவது தடவை பிரிக்கச் சொன்னால் மட்டும் பழம் கூட என்று சொல்லிவிட்டாள். சுண்டெலி தன் கோட்டைப் போட்டுப் பார்த்தது. மீசை இன்னும் கொஞ்சம் குத்தியது. ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது என்றது.

பிறகு ரெஜினா நூலை வாயில் கவ்வினாள், தேக்கிலையை இழுத்தாள். உச்சிப் பொழுதுக்குக் கோட்டு முடிந்தது. முதல் சொட்டு விழும்போது குட்டிகள் இரண்டும் உள்ளே இருந்தன. மழை தேக்கிலையின்மேல் சடசடவென்று கொட்டியது. உள்ளே கதகதப்பாக இருந்தது. சின்னக் குட்டி மெல்ல மூக்கை மட்டும் வெளியே நீட்டி, மழை ஏம்மா மேலேயிருந்தே விழுகிறது என்று கேட்டது. அஞ்சலைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவள் கிளையடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கோட்டு எனக்கு நல்லா இருக்கா, ரெஜினாக்கா?"

"ம்" என்றாள் ரெஜினா, வாயில் நூலோடு.

இந்தத் தடவை அந்த "ம்"முக்கு அஞ்சலைக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

நீதி: விலை வேலைக்குத்தான், வாங்குகிறவர் உடம்புக்கு இல்லை, அந்த வேலை எவ்வளவு என்பதை, செய்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.