கோணவாலின் அரைக்கூலி

மூங்கில் காட்டில் கோணவால் என்றொரு குரங்கு இருந்தது. மற்ற மிருகங்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பிடுங்குவதுதான் அதன் தொழில். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முன்கூட்டியே நேரம் சொல்லி வைப்பார்கள். வேலை முடிந்ததும் பழமோ காயோ கூலியாகக் கிடைக்கும்.

ஆனால் சொன்னபடி வராதவர்கள் ஏராளம். காட்டுப்பன்றி, "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் புரளப் போய்விடும். அதற்காக மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய கோணவாலுக்கு வயிறு காயும்.

பொறுத்துப் பார்த்த கோணவால் ஒருநாள் மர உச்சியில் ஏறிக் கத்தியது. "எல்லோரும் கேளுங்கள்! நேரம் சொல்லிவிட்டு வராதவர்கள் இனி அரைக்கூலி தர வேண்டும்! விதி என்றால் விதிதான்!"

"நியாயம்தானே!" என்று மிருகங்கள் ஒப்புக்கொண்டன.

மறுநாள் விடியும்போதே புள்ளிமான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, என் குட்டி முள்ளில் காலைக் கிழித்துக்கொண்டது. மாலையில் நான் வர முடியாது. அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்."

"அரைக்கூலியை வைத்துவிட்டுப் போ!"

"இவ்வளவு சீக்கிரமாக வந்து சொல்கிறேனே, அண்ணே!"

"பத்து நெல்லிக்காய்! இன்றே வர வேண்டும்!"

அடிபட்ட குட்டியைத் தனியே விட்டுவிட்டு மான் நெல்லிக்காய் பொறுக்கப் போனது. கோணவாலோ அந்த மாலை நேரத்துக்கு முயலை வரவழைத்து, அதனிடம் முழுக்கூலியும் வாங்கிக்கொண்டது. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே முதுகைத் தட்டிக்கொண்டது.

அடுத்த நாள் காலை காட்டெருமையின் முறை. உச்சி வெயில் வரை காத்திருந்தும் ஆளைக் காணோம். கோணவால் தேடிக்கொண்டு போனது. குளக்கரை நிழலில் காட்டெருமை படுத்திருந்தது.

"என்னடா?" என்று கொம்பை ஆட்டியது.

"ஒன்றுமில்லை ஐயா! காலையில் உங்களைக் காணவில்லையே என்று..."

"தூக்கம் வந்தது, தூங்கினேன். ஏதோ அரைக்கூலி என்று கத்தினாயாமே?"

"ஐயையோ, அது சின்னவர்களுக்கு! நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா, ஐயா?"

"ம். நாளைக்கு வருகிறேன்."

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் குளக்கரைக்குப் போன கோணவால் பல்லை இளித்துக்கொண்டே திரும்பி வந்தது.

கோரைப் புல்லுக்குள் இருந்து இதையெல்லாம் கேட்ட முயல், நேராக மானிடம் போய்ச் சொன்னது. மான் உடனே உண்ணி கொத்தித் தின்னும் மைனாக்களிடம் போய் நின்றது. முயல் போனது, நரி போனது, காட்டுப்பன்றியும் போனது.

நான்கு நாள் பட்டினிக்குப் பிறகு கோணவாலுக்குத் துணிச்சல் வந்தது; காட்டெருமையிடம் போனது.

"ஐயா, அந்த அரைக்கூலி..."

காட்டெருமை சிரித்தது. "இத்தனை நாள் பல்லைக் காட்டினாய். இன்று கையை நீட்டுகிறாயா? போடா!"

அதன் முதுகின் மேல் நான்கு மைனாக்கள் உண்ணி கொத்திக்கொண்டிருந்தன.

இரங்க வேண்டியவரிடம் கறாராகவும், கறாராக இருக்க வேண்டியவரிடம் குழைந்தும் நிற்பவனின் விதியை எளியவரும் மதிக்க மாட்டார், வலியவரும் மதிக்க மாட்டார்.