காய்ச்சல் திரும்பி வரும் வழி

மலையடிவாரத்தில் சடையாண்டி என்று ஓர் ஆட்டுக்காரர் இருந்தார். ஒரு பட்டி வெள்ளாடு, ஒரு பெண்சாதி, ஒரு வாய். அந்த வாய் ஊரில் யாருக்கும் அடங்காது, மடத்து மங்கைத்தாயி ஒருத்திக்குத் தவிர. தாயி அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தால் என்ன? நல்ல சொல்லுக்கு வயசா பார்க்கிறது? வாரம் தவறாமல் போய் மடத்து வாசலைப் பெருக்கி, அவள் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்.

போன மழைக்காலத்தில் காட்டில் அவரை ஓர் உண்ணி கடித்தது. ஆட்டுக்காரனை உண்ணி கடிப்பது ஒரு சேதியா? கிள்ளி எறிந்துவிட்டு மறந்துபோனார். கடித்த இடம் வட்டமாகச் சிவந்தது. காய்ச்சல் கண்டது. முழங்கால் வீங்கி, ஆள் பாயோடு பாயானார். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணியால் வருகிற லைம் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் விழுங்கினார், எழுந்துவிட்டார்.

எழுந்தவர் மறுபடி விழுந்தார், அதுதான் கொடுமை. நன்றாகத்தான் இருப்பார். திடீரென்று ஒரு காலையில் மூட்டெல்லாம் குடைச்சல், உடம்பு கணகணப்பு, கையைத் தூக்க முடியாத அசதி.

முதல் தடவை தயிரால்தான் வந்தது என்றார். தயிரை விட்டார். அடுத்த தடவை தூறலில் நனைந்ததால் என்றார். தூறினால் வாசல் தாண்டுவதை விட்டார். அப்புறம் மச்சானோடு போட்ட சண்டைதான் காரணம் என்று மச்சானையே விட்டார். அவர் பெண்சாதி ராசம் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் விட்டுத் தொலைங்க!"

ராசத்தை விடவில்லை. ஆடுகளை விடுவதென்று முடிவு பண்ணினார். உண்ணிக்கடியே ஆடு மேய்க்கப் போய்த்தானே வந்தது? ஆடு வாங்கும் யாவாரிக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். சொன்ன நேரத்திலிருந்து சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு குட்டியையும் ஈன்ற ஈரத்தோடு கையில் வாங்கிய மனுஷன் அவர். ஆடில்லாத வீட்டில் விடிந்து எழுந்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. அழுகையை அடக்கிக்கொண்டு மடத்துக்குப் போனார்.

"தாயி, நாளைக்கு வீட்டுக்கு யாவாரி வாரான். ஆட்டையெல்லாம் ஓட்டிவிடப் போறேன்."

"ஏண்ணே?"

"காய்ச்சல் எதுல திரும்பி வருதுன்னே தெரியல. ஒவ்வொண்ணா விட்டுப் பாத்துட்டேன். இனி இதுதான் மிச்சம்."

"புதுசா உண்ணி எதுவும் கடிச்சுதா?"

"இல்ல. காட்டுல இருந்து வந்ததும் ராசம் உடம்பு பூராம் பாத்துருவா. டாக்டரும் பாத்துட்டாரு. புதுக்கடி இல்ல, உடம்பு தேற நாளாகும், பாத்து நடந்துக்கங்கன்னாரு. எதைப் பாத்து நடக்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கடைசியா எப்ப விழுந்தீங்க?"

"திங்கக்கிழமை காலையில."

"ஞாயித்துக்கிழமை எப்படி இருந்தீங்க?"

சடையாண்டிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அன்னைக்கா? அன்னைக்கு ராசாவாட்டம் இருந்தேன் தாயி! காய்ச்சல் கண்ட உடம்புன்னு எவனும் சொல்ல மாட்டான். விடியு முன்ன எந்திரிச்சு, முள்ளு வெட்டிப் பட்டிய அடைச்சேன். மேல்காட்டுல ஏறி ஆட்டுக்குத் தின்னக் குழை ஒடிச்சேன். படுத்துக் கிடந்த நாளு வேலை அத்தனையும் ஒரே மூச்சுல முடிச்சேன்ல!"

"அதுக்கு முந்தி? மச்சானோட சண்டை போட்டப்ப?"

"அப்பவும் நல்லாத்தான் இருந்தேன். ஒத்த ஆளா நின்னு அம்புட்டு ஆட்டையும் கழுவி விட்டேன். கூட மாட வந்து பிடிக்கலைன்னுதான் அவனோட சண்டையே."

"தயிர் சாப்பிட்ட அன்னைக்கு?"

"கிணத்துமேட்டுக் கல்லெல்லாம் புரட்டிப் போட்டுட்டு வந்துதான் தயிரே குடிச்சேன்."

தாயி எழுந்து மடத்துக்குப் பின்னால் போனாள். சடையாண்டியும் பின்னாலேயே போனார்.

அங்கே ஒரு கிடா கட்டியிருந்தது. மலைமேலிருந்து உருண்டு கால் ஒடிந்த கிடா. சடையாண்டிதான் அதற்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியவர். கொஞ்ச நாள் முன்னால் பத்தையை அவிழ்த்து, மரத்தில் கட்டிப்போட்டவரும் அவர்தான். இப்போது அது நாலு காலையும் ஊன்றி ஜம்மென்று நின்றது.

தாயி குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ! என்ன தாயி பண்றீங்க?"

"நல்லா நடக்குதுல்ல. அவுத்து விடுறேன்."

"அவுத்தா அம்புட்டுத்தான்! ஒரே தாவா அந்தப் பாறை மேல போயி நிக்கும். இப்பத்தான் கூடுன எலும்பு, படக்குன்னு போயிரும்."

"நொண்டுனப்ப கட்டாமத்தானே போட்டிருந்தீங்க?"

"நொண்டுறது எங்க போகப் போகுது? அதுபாட்டுக்குப் படுத்துக் கிடக்கும். நொண்டாம நடக்குது பாருங்க, இப்பத்தான் தாயி கட்டணும்! கயித்தைக் கொஞ்சங் கொஞ்சமா நீட்டி விட்டா, தானா மேஞ்சு தேறிக்கிரும். ஆட்டுக்காரன், எனக்குத் தெரியாதா?"

தாயி கயிற்றின் நுனியை அவர் கையில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ண்ணே. ஞாயித்துக்கிழமை உங்களை யாரு கட்டியிருந்தா?"

சடையாண்டி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அப்படியே கிடாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப தயிரு?"

"சாப்பிடுங்க."

"மச்சான்?"

"பேசுங்க. சண்டையை மட்டும் குறைச்சுக்கங்க."

"ஆடு தாயி?"

"ஆட்டை வித்தா சும்மாவா இருப்பீங்க? வேற எதையாவது தூக்கிச் சுமப்பீங்க. ஆடு இருக்கட்டும்."

சடையாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. துள்ளி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இப்ப ஓடுனேன்னா பொழுது சாயுமுன்ன சந்தையில யாவாரியப் பிடிச்சு வேணாம்னு சொல்லிரலாம். வார வழியில அப்படியே ரெண்டு கட்டுக் குழையை ஒடிச்சுக்கிட்டு, பட்டியில அந்த மேக்கு மூலையையும்..." பேசிக்கொண்டே பாய்ந்து படியிறங்கிவிட்டார்.

"அண்ணே!"

நின்று திரும்பினார்.

"யாவாரி நாளைக்கு உங்க வீட்டுக்குத்தானே வாரான்? மெதுவா நடந்து போங்க."