உபதேசியாரின் பாதி

"எம் மகளப் பெட்டியில வச்சிருக்கும்போது எதுக்கு அப்படிச் சொன்ன?"

உபதேசியார் சந்தியாகு வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

செங்கோல்மேரி புளி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம்.

"எப்படிச் சொன்னேன்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"உங்க வாயால சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியவில்லை. நாலே வார்த்தை. ஆண்டவர் சித்தம் ஐயா, அழக்கூடாது.

ஞானம் தேடிப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போவான், பணிவாகக் கைகட்டி நிற்பான் என்று கதைகளில் சொல்வார்கள். இவர் சண்டை போடப் போனார். கொண்டு போனது இடுப்பில் இருந்த கோயில் சாவி ஒன்றுதான்.

அந்த ஊருக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் சந்தியாகுதான். மாலை ஆறு மணிக்குக் கோயிலைத் திறந்து, மணியடித்து, ஜெபமாலை சொல்லுவார். முப்பத்து நான்கு வருடம். முன்னால் முழந்தாளிட்டு முதல் பாதியை அவர் சொல்ல, பின்னால் இருந்து மறுபாதியை ஊர் சொல்லும். ஊர் முனகினால் அவருக்குப் பிடிக்காது. பாதியில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, சத்தம் பத்தல என்பார். எத்தனையோ கிழவிகள் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா டெங்குக் காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். இருபத்தொன்பது வயது.

பதினாறு நாளாகக் கோயில் பூட்டிக் கிடந்தது. சாவியை நாளைக் காலையில் சாமியாரிடம் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். இனிமேல் அவருக்கும் தனக்கும் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். சாமியாரை அல்ல, ஆண்டவரைச் சொன்னார்.

அதற்கு முன்னால் இந்த ஒரு சண்டை பாக்கி இருந்தது.

"பழிக்குத்தான சொன்ன?" என்றார்.

சுத்தியல் நின்றது.

"ஆமா. பழிக்குத்தான்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், பிறகு கத்தலாம் என்று வந்தவர்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய மகன் ரொசாரியோ கல்குவாரிக் குட்டையில் மூழ்கிச் செத்தான். பத்தொன்பது வயது. அன்றைக்கு சந்தியாகு ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "ஆண்டவர் சித்தம்மா, அழக்கூடாது" என்றார். பிறகு வெளியே போய், டீயில் சர்க்கரை போடாமல் கொடுக்கச் சொன்னார். அது அவள் காதில் விழுந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லாச் சாவு வீட்டிலும் அதையேதான் சொன்னார். வேறு சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் அல்லவா? அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"பதினோரு வருசம் வச்சிருந்தேன்" என்றாள். "உங்க வீட்டுல சாவு விழணும்னு நெனைக்கல. விழுந்தா சொல்லணும்னு நெனச்சேன். சொல்லிட்டேன்."

"சொன்னதும் ஆறுச்சா?"

"இல்ல. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்."

சந்தியாகு செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து புளியங்கொட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

அவள் சுத்தியலை மறுபடியும் எடுத்தாள். அவள் தட்டினாள்.

பிறகு அவரே சொன்னார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. உமது திருவுளம் மண்ணுலகிலும் நிறைவேறுக. தனியாகச் சொல்லிப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் தாடை இறுகிக்கொள்கிறது. மேலே போனால் பொய், நிறுத்தினால் ஜெபம் இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஊருக்கு முன்னால் சொன்ன வாய் இது. இப்போது அந்த வரியை நினைத்தாலே எதையாவது எடுத்து எறியலாம் போல இருக்கிறது.

"எம் பிள்ளையக் கொண்டுபோயிட்டு, அவரு நெனச்சது நடக்கட்டும்னு நானே சொல்லணுமாம். எந்த அப்பன் சொல்லுவான்?"

"எனக்கும் அது வராது" என்றாள் செங்கோல்மேரி.

அவருக்கு மறுபடியும் கோபம் வந்தது. பொய் சொல்லாதே என்றார். மகனைப் புதைத்த எட்டாம் நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் அவள் ஜெபமாலைக்கு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். இடது பக்கத் தூணோரம். மழை நாளில் அவரும் அவளும் மட்டும் இருந்து ஜெபம் சொன்னதுண்டு.

"வந்தேன். அந்த வரியச் சொன்னதில்ல."

"பூசையில?"

"பூசையில எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க. அந்த எடத்துல வாய மூடிக்குவேன். கூட்டத்துல யாருக்குத் தெரியும்."

"பெறகு எதுக்கு தெனமும் வந்த?"

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மணி ஆகப்போகுது" என்றாள். "சாவியக் குடுங்க."

"நான் வரல."

"உங்கள யாரு கூப்பிட்டா? சாவியக் கேட்டேன்."

வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு திமிர் ஆகாது என்று நினைத்துக்கொண்டே சந்தியாகு பின்னால் நடந்தார்.

அவள் மணியடிக்கவில்லை. கதவை மட்டும் திறந்தாள். அடைத்துக் கிடந்த வாடை வந்தது. ஜெசிந்தாவின் பெட்டியை வைத்திருந்த இடத்தில் சம்பங்கிப் பூக்கள் காய்ந்து கிடந்தன. சந்தியாகு அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். பழக்கத்தில் கால் முன்னால் போனது.

அங்கே அவருடைய இடத்தில் செங்கோல்மேரி முழந்தாளிட்டிருந்தாள்.

"அது என் இடம்" என்றார்.

"இன்னிக்கி இல்ல. தூணோரமாப் போங்க."

அவருக்கு முகமெல்லாம் சூடேறியது. கோயில் என்பதால் கத்தவில்லை. போய்த் தூணோரம் முழந்தாளிட்டார். தூணில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று எண்ணெய் படிந்து இருந்தது. ஒருவர் தலை சாயும் உயரத்தில் இருந்தது. எத்தனை நாள் சாய்ந்தால் இப்படி ஆகும் என்று தெரியவில்லை. முன்னால் இருந்தவருக்கு அது ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

அவள் சிலுவை அடையாளம் போட்டாள். முதல் பாதியை ஆரம்பித்தாள். குரல் கரகரவென்று இருந்தது. தந்தையே என்றாள். பெயர் போற்றப் பெறுக என்றாள். ஆட்சி வருக என்றாள்.

நின்றுவிட்டாள்.

வெளியே ஏதோ வண்டி போய், அதன் சத்தமும் தேய்ந்துபோனது. அவளுடைய முதுகு மட்டும் அவருக்குத் தெரிந்தது. தோள் ஏறி இறங்கியது.

திரும்பாமலே பேசினாள்.

"இந்த வரி உங்க பாதியில இருந்துச்சு. எங்க பாதி சோறு கேக்குறதுல ஆரம்பிக்குது. இத நான் சொல்ல வேண்டாம், நீங்க சொல்லிருவீகன்னு தெரிஞ்சுதான் தெனமும் வந்தேன். உங்க மொகத்தப் பாத்தாலே எனக்கு ஆகாது. இருந்தும் வந்தேன். யாராச்சும் இதச் சொன்னாத்தான நான் எஞ் சோத்தக் கேக்க முடியும்."

அவர் தூணில் அந்த வழவழப்பைத் தொட்டார்.

"பதினோரு வருசம் எனக்காகச் சொல்லியிருக்கீக. உங்களுக்கே தெரியாது."

பிறகு சொன்னாள். உமது திருவுளம் என்று தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, யாரையோ வைது தீர்ப்பது போலச் சொன்னாள். மண்ணுலகிலும் நிறைவேறுக. கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. ஆனாலும் முடித்தாள்.

முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

கோயிலில் வேறு யாரும் இல்லை. மறுபாதிக்கு அவர் ஒருவர்தான்.

சந்தியாகு நெற்றியைத் தூணில் அந்த வழவழப்பான இடத்தில் வைத்தார். வாயைத் திறந்தார். தாடை இறுகவில்லை.

"எங்கள் அன்றாட உணவை..." என்று முனகினார்.

செங்கோல்மேரி திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் பத்தல, ஐயா."