தாத்தாவின் மேல் ஏறிய பேரன்

சமோவாத் தீவில் இறந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்புவதில்லை. வீட்டு வாசலிலேயே புதைத்து, மேலே சிமென்ட் மேடை கட்டி வெள்ளையடித்துவிடுவார்கள். நம் ஆட்களுக்குக் கேட்டாலே குலை நடுங்கும். அவர்களுக்கோ இறந்தவரும் வீட்டில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட தன் பிறந்த வீட்டுக்குத்தான் செஃபினா நியூசிலாந்திலிருந்து தன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிவந்தாள். சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவள். பெற்ற அப்பாவின் சாவுக்குக்கூட வர முடியவில்லை. பிள்ளைகளாவது இதை நம்ம ஊர் என்று நினைக்கவேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

கிளம்புவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் எதிரே கால் நீட்டாதே. குனிந்து நட. பாட்டன் பூட்டன் பெயரையெல்லாம் ஒப்பி. பாவம், பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிற மாதிரி வந்து இறங்கினார்கள்.

வந்ததும் வராததுமாகத் தாத்தாவின் சமாதி முன்னால் இருவரையும் கைகட்டி நிற்கவைத்தாள். பெரியவள் லாங்கி பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

"போதுமாம்மா? எப்போ திரும்பிப் போறோம்?"

செஃபினா அடுத்த தெருவில் இருந்த தவீத்தாவிடம் ஓடினாள். அவள் அப்பாவின் பழைய சிநேகிதர்; ஊர்ச் சபையில் ஊருக்காகப் பேசுகிறவர் அவர். வழக்கம் வரைமுறையெல்லாம் அவள் போனில் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

"ஆசானே, நீங்க சொன்னது ஒண்ணு விடாம சொல்லிக்கொடுத்துட்டேன். பிள்ளைங்க மனசுல ஒட்டவே மாட்டேங்குது. இன்னும் என்ன சொல்லித்தரணும்?"

"சாயங்காலம் வர்றேன், போ" என்றார்.

அவர் வந்தபோது வீட்டில் ஒரே கூச்சல். இளையவன் ஃபெட்டு, அந்த வீட்டிலேயே வளரும் பெரியம்மா பிள்ளைகளோடு சேர்ந்து ஓடிப்பிடித்து விளையாடி, சமாதி மேல் ஏறி உட்கார்ந்து சுட்ட ஈரப்பலாக்காயைத் தின்றுகொண்டிருந்தான். செஃபினா பாய்ந்து போய் அவனை இழுத்து இறக்கி, முதுகில் ஒன்று வைத்தாள்.

"தாத்தா மேலயாடா ஏறுவே? அறிவிருக்கா?"

பையன் வீறிட்டான். மற்ற பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். தினமும் தாங்கள் ஏறி விளையாடுகிற இடத்தில் ஏறியதற்கு அடி எதற்கு என்று அவர்களுக்கும் விளங்கவில்லை.

தவீத்தா நேரே போய்ச் சமாதி மேல் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். சிந்திக்கிடந்த ஈரப்பலாத் துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ ஆசானே! நீங்களுமா? அது என் அப்பா!"

"அப்பாதானே? தாத்தா மேல ஏறாத பேரன் எந்த ஊர்லம்மா இருக்கான்?"

ஃபெட்டுவை அள்ளித் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பையன் தேம்பியபடியே அவர் மேல் சாய்ந்தான். பார்த்துக்கொண்டே நின்ற லாங்கி மெல்ல வந்து அந்த வெள்ளை மேடையைத் தொட்டாள். வெயில் இறங்கியும் அது இன்னும் சூடாக இருந்தது.

"தாத்தா கோவக்காரரா?" என்று கேட்டாள்.

தாத்தாவைப் பற்றி யாரும் சொல்லாமல் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"கோவமா? அவனா? சீட்டாட்டத்துல தோத்தா மட்டும் வரும். ஏறு, சொல்றேன்."

அவளும் ஏறிக்கொண்டாள். தாத்தா சீட்டில் திருட்டு ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டு இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. செஃபினா மட்டும் எட்ட நின்றாள். முந்தானை இல்லாத ஊர்; புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் எல்லாத்தையும் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேனா ஆசானே?"

தவீத்தா பிள்ளைகளை ஓரமாக நகர்த்தி, நடுவில் இடம் விட்டார்.

"பிள்ளைங்க வந்து சேர்ந்துட்டாங்க. உங்கப்பன் இன்னும் உனக்காகத்தான் காத்துக்கிடக்கான். வா, வந்து உட்காரு."