பவுசு நரியின் சைலன்சர்

வேலங்காட்டுக் குளத்தில் தண்ணீர் குடிக்க வரும் எந்த விலங்கும் ஒரு கணம் குருடாகிவிடும். தலையைக் குனிந்தால் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் மட்டும்தான். பின்னால் புல்லுக்குள் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்று தெரியாது.

அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் கண்ணாக இருந்தவள் சிவந்தி. அவள் ஓர் ஆள்காட்டிப் பறவை. குளத்தங்கரைப் பொட்டலில், வெறும் தரையில் முட்டையிட்டு அடைகாப்பவள். சிறுத்தையின் வால் நுனி அசைந்தாலே போதும், "டிட்டி டிட்டி டீ" என்று கத்துவாள். அவள் கத்தினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வாயில் இருக்கும் தண்ணீரை விழுங்கக்கூட நிற்காமல் ஓடுவார்கள். அந்தக் காட்டில் எல்லோரும் மதித்த சட்டம் அது ஒன்றுதான்.

மருதாயி என்ற புள்ளிமானுக்கு அந்தச் சட்டம் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. அவளுடைய குட்டி தும்பைக்குப் பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே கோணல். மற்றக் குட்டிகள் நாலே தாவலில் புதருக்குள் போய்விடும். தும்பைக்குப் பத்துத் தாவல் வேண்டும். சிவந்தியின் குரல் நேரத்தோடு காதில் விழுந்தால் தும்பை பிழைத்துக்கொள்ளும். விழாவிட்டால் அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த குளத்துக்குத்தான் பவுசு நரி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

புது வண்டி. நல்ல வண்டி. கிளப்பினால் லேசாக உறுமும். ஓட்டினால் காற்றோடு காற்றாகப் போகும். அதுதான் பவுசுக்குப் பொறுக்கவில்லை. குளத்தை மூன்று முறை சுற்றினான். ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. முயல்கள் புல்லை மேய்ந்துகொண்டே இருந்தன. ஓர் ஆமை வழியை விடாமல் நடுவில் நின்று கொட்டாவி விட்டது.

பவுசு நேராகத் திருகனிடம் போனான். திருகன் என்பது ஆலமரத்தடியில் ஸ்பானர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குரங்கு.

"டேய் திருகா, இந்த வண்டி போறதே யாருக்கும் தெரியமாட்டேங்குது. சத்தம் வேணும்டா. காடே அதிரணும்."

திருகன் குனிந்து சைலன்சரைத் தட்டிப் பார்த்தான்.

"இதுக்குள்ள ஓட்டை ஓட்டையா ஒரு குழாய் இருக்கு அண்ணே. சத்தத்தைப் பிடிச்சு அமுக்கறதே அதுதான். அதனாலதான் இதுக்கு சைலன்சர்னே பேரு."

"பேரு மட்டும் இருந்தாப் போதும். குழாயை உருவு."

திருகனுக்கு அது தப்பு என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் உருவினான். கேட்டால், "சொன்ன வேலையைச் செஞ்சேன்" என்பான். இப்படிச் சொல்லிச் சொல்லியே தப்பித்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது? காட்டிலும் இருக்கிறார்கள், வெளியிலும் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பவுசு ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி "டபடபடபடபா" என்று அலறியது. கையை விட்டபோது பின்னால் வெடி வெடித்தது. கொக்குகள் சிதறின. கருவுற்றிருந்த முயல் ஒன்று மயங்கிச் சாய்ந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள்.

பவுசுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பார்த்தியா? என்னைப் பார்த்ததும் எப்படி வழி விடுறாங்க!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பயத்தை மரியாதை என்று நினைத்துவிட்டான். மடையன். அவனாவது மடையன், போகட்டும். இளவட்டப் பன்றிகள் நாலு பேர் கரையில் நின்று, "அண்ணே, இன்னொரு ரவுண்டு" என்று கத்தினார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் கைதட்டாமல் இருந்திருந்தால் பவுசு இரண்டு நாளில் சலித்துப்போய் வண்டியை ஓரம் கட்டியிருப்பான்.

முதல் இரண்டு நாள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் ஓடவில்லை. கோடைக்காலம், தாகம் வேறு. எத்தனை முறைதான் பாதித் தண்ணீரில் எழுந்து ஓடுவது? காதை மடக்கிக்கொண்டு குடித்தார்கள்.

அந்த மூன்றாம் நாள்தான் சிறுத்தை வந்தது. சிவந்தி கத்தினாள். பறந்து பறந்து கத்தினாள். பவுசு குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை. சிறுத்தை அவசரமே இல்லாமல் வந்து, ஒரு கிழட்டு முயலைக் கவ்விக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் சிவந்தியும் மருதாயியும் பவுசைத் தேடிப் போனார்கள். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ வண்டி ஓட்டறதை நாங்க குத்தம் சொல்லலை. நாங்க தண்ணி குடிக்கிற நேரத்துல மட்டும் குளத்துப் பக்கம் வராதே. நான் கத்தறது யாருக்கும் கேக்கலை" என்றாள் சிவந்தி.

"உன் சத்தம் சின்னதா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்றான் பவுசு. "திருகன்கிட்ட போ. உன் தொண்டைக்குள்ளேயும் ஏதாவது குழாய் இருக்கும். உருவி விடுவான்."

பக்கத்தில் நின்ற பன்றிகள் உருண்டு சிரித்தன.

மருதாயி தன் குட்டியை முன்னால் நிறுத்தினாள். "அண்ணே, இவ காலைப் பாருங்க. இவளால வேகமா ஓட முடியாது. சிவந்தி அக்கா குரல் ஒண்ணுதான் இவளுக்கு உயிரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பவுசு தும்பையின் காலைப் பார்த்தான். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என் வண்டி, என் பெட்ரோல். கேக்கப் பிடிக்காதவங்க வேற குளத்துக்குப் போங்க" என்றான்.

வேறு குளம் என்று ஒன்று இருந்தது. இரண்டு மலைகளுக்கு அப்பால், கல்லுடைத்த பள்ளத்தில் சேற்றுத் தண்ணீர். கோணல் காலோடு தும்பை அவ்வளவு தூரம் நடக்க மாட்டாள். அது பவுசுக்கும் தெரியும்.

அவர்களும் பன்றிகளும் போன பிறகு சிறுத்தை வந்தது. பவுசு வண்டிக்குப் பின்னால் பதுங்கினான். ஆனால் சிறுத்தை பாயவில்லை. பூனைபோல உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டது.

"தம்பி, உன் வண்டிதானே அது? அருமையான சத்தம். வயசாச்சு எனக்கு. முன்னே மாதிரி துரத்த முடியலை. அந்த ஆள்காட்டி எத்தனை வருஷம் என்னைப் பட்டினி போட்டா தெரியுமா? நீ வந்தப்புறம்தான் நான் நிம்மதியா சாப்பிடறேன். இன்னைக்கும் வருவேதானே?"

யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் புத்தி உள்ளவனாக இருந்தால் அந்த இடத்திலேயே வெட்கத்தில் செத்திருப்பான். தன் வண்டி யாருக்கு வேலை செய்கிறது என்பது பச்சையாகத் தெரிந்துவிட்டது. ஆனால் பவுசின் காதில் விழுந்தது "அருமையான சத்தம்" என்ற சொல் மட்டும்தான்.

"வர்றேன் ஐயா. கண்டிப்பா வர்றேன்" என்றான்.

பன்றிகளிடம் ஓடிப் போய், "சிறுத்தையே என்னைத் தேடி வந்து பேசிட்டுப் போச்சு, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டான்.

சாயங்காலம் வந்தது. மருதாயி பகல் முழுக்கத் தும்பையைப் புதருக்குள் அடக்கி வைத்திருந்தாள். குட்டிக்கு நாக்கு வறண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் கரைக்குக் கூட்டி வந்தாள். குட்டி குடிக்கட்டும் என்று, தான் குடிக்காமல் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தாய்க்கு இருப்பது இரண்டே கண்கள்.

"டபடபடபடபா" என்று வண்டி வந்தது.

சிவந்தி புல்லுக்குள் மஞ்சள் தோலைப் பார்த்துவிட்டாள். கத்தினாள். கேட்காது என்று தெரிந்து, நேராகப் பறந்து போய்த் தும்பையின் நெற்றியில் கொத்தினாள். தும்பை திடுக்கிட்டுத் தாவினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது தாவலில் சிறுத்தை அவளைப் பிடித்துவிட்டது.

அவள் கூப்பிட்டிருப்பாள். "அம்மா" என்று கூப்பிட்டிருப்பாள். பக்கத்தில் நின்ற தாய்க்கே அது கேட்கவில்லை. அவ்வளவு அருமையான சத்தம்!

வண்டி நின்றதும் மருதாயி பவுசின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலையே. நான் கடிச்சேனா? நான் வண்டிதானே ஓட்டினேன்" என்றான் பவுசு.

"சிறுத்தைக்குப் பசி. அது கொன்னுச்சு. உனக்கு என்னடா பசி?" என்று கேட்டாள் மருதாயி.

பவுசு கரையில் நின்ற பன்றிகள் பக்கம் திரும்பினான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காலம் கடந்து குனிந்த தலைகள்.

பொழுது சாய்வதற்குள் மருதாயி முன்னால் நடந்தாள். மானும் முயலும் பன்றியும் பின்னால் நடந்தன. எல்லோரும் மலைகளுக்கு அப்பால் சேற்றுப் பள்ளத்துக்குப் போய்விட்டார்கள். நல்ல தண்ணீர் நிறைந்த குளத்தை ஒரு நரியின் சத்தத்துக்காக விட்டுவிட்டுப் போனார்கள். சிவந்தி மட்டும் போகவில்லை. பொட்டலில் நாலு முட்டைகள் கிடந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்குக் கை இல்லை.

இரண்டு நாள் பவுசு வண்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. "ஒருத்தரும் இல்லாட்டி என்ன? குளம் முழுக்க எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு கிளப்பினான்.

குளக்கரை வெறிச்சென்று கிடந்தது. புல்லுக்குள் சிறுத்தை இருந்தது. அதற்கு இரண்டு நாள் பட்டினி.

சிவந்தி அதைப் பார்த்தாள். பவுசையும் பார்த்தாள். தும்பையை நினைத்தாள். ஒரு நொடி அலகை இறுக்க மூடிக்கொண்டாள். மூடியே இருந்திருந்தாலும் நான் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவளால் முடியவில்லை. ஆபத்தைப் பார்த்தால் கத்துவது என்று வாழ்ந்தவள், யாருக்கு என்று பார்த்துக் கத்தியதில்லை. பவுசின் முகத்துக்கு நேரே பறந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

பவுசு அவளுடைய அலகு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தான். "இவ இன்னும் திட்டறதை நிறுத்தலையா?" என்று சிரித்தான். அவளுக்குப் பதில் சொல்வதுபோல ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

சிறுத்தை பின்பக்கமாக வந்தது.

வண்டி சாய்ந்து விழுந்தது. ஆளில்லாமல், பெட்ரோல் தீரும்வரை அலறிக்கொண்டே கிடந்தது.

தன் சத்தத்தால் ஊரார் காதை அடைக்கிறவன் முதலில் குற்றமற்றவர்களைச் சாகக் கொடுப்பான். பிறகு தன்னைக் காப்பாற்ற வரும் குரலும் கேட்காமல் தானும் அழிவான்.