மந்திரி ஆபத்சகாயம் உருண்ட கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஓர் அரசர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நாட்டின் பெயர் நமக்கு எதற்கு? அரசரின் குணம் தெரிந்தால் போதும். அவர் மகா சுத்தப் பிரியர்; அதே சமயம் மகா சோம்பேறி. இந்த இரண்டும் வெவ்வேறு ஆளிடம் இருந்தால் தொல்லையில்லை. ஒரே ஆளிடம் சேர்ந்து, அந்த ஆள் தலையில் கிரீடமும் இருந்துவிட்டால், மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒருநாள் உண்ட மயக்கத்தில் சிம்மாசனத்திலேயே கண்ணயர்ந்த அரசர், 'சரக் சரக்' என்ற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு விழித்தார். சபா மண்டபத்தின் கோடியில் யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்று முதல் இந்த மண்டபத்துக்குள் துடைப்பம் வரக்கூடாது!" என்று உறுமினார் அரசர். "சத்தமும் சிரமமும் இல்லாமல் சுத்தம் செய்ய உலகத்தில் உபாயமா இல்லை? இத்தனை அறிவாளிகளுக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறேனே, ஆளுக்கு ஓர் உபாயம் சொல்லுங்கள்!"

அறிவாளிகள் சொன்னார்கள். தூண்களின் பித்தளைப் பூணுக்குப் புளி தேய்க்கச் சொன்னார் தளபதி. கறை பட்ட இடத்தில் எலுமிச்சையும் உப்பும் என்றார் வைத்தியர். மூலையில் மிளகுப் பொடி தூவினால் பூச்சி அண்டாது என்று ஆஸ்தானப் புலவர் ஒரு வெண்பாவே பாடிவிட்டார். கடைசியாக மந்திரி ஆபத்சகாயம் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கருங்கல் தரைக்குப் புளித்த மோரே உத்தமம். ஊற்றிவிட்டுப் போய்விடலாம். தரை தானாகப் பளபளக்கும்" என்றார்.

எல்லாவற்றையும் செய்தார்கள். துடைத்து எடுக்க மட்டும் யாருக்கும் உபாயம் தெரியவில்லை. கொஞ்ச நாளில் மண்டபத்தில் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. மோர் வாசனைக்கு ஊர்ப் பூனைகள் அத்தனையும் வந்து அரசருக்கு முன்பாகவே சபை கூட்டின. நடந்தால் கால் ஒட்டியது. ஆனாலும் அரசர் கேட்டபோதெல்லாம் சபையோர், "ஆகா, தரையில் முகம் தெரிகிறது மகாராஜா!" என்றார்கள்.

விகடகவி குழைக்காதர் ஒருவர்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "புளி இருக்கிறது, உப்பு இருக்கிறது, மிளகு இருக்கிறது, மோரும் வந்துவிட்டது. அப்பளம் ஒன்றுதான் குறை மகாராஜா. இலை போட்டுவிடலாமா?"

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் ஆபத்சகாயத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் வாயைத் திறந்தால் அரசர் கொட்டாவி விடுவார். ராஜ்ய விவகாரத்தை எவ்வளவு சுவையாகச் சொன்னாலும் கொட்டாவிதான். இந்தக் குழைக்காதன் அப்பளம் என்றால் போதும், சிரிப்பு! அரசருக்கு வலப்பக்கத்து ஆசனமும் அவனுக்கே. மந்திரிக்கு இடப்பக்கம், அதுவும் தூணுக்குப் பின்னால். இவன் இந்த ஊரில் இருக்கும்வரை தமக்கு விடிவில்லை என்று அவர் தீர்மானித்து வெகுநாளாயிற்று.

சிரித்து முடித்த அரசரின் முகம் திடீரென்று வெளுத்தது. "ஐயோ, வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் வருகிறாளே! போன தடவை சாளரத்தில் விரலால் கோடு இழுத்து, அந்தத் தூசியை என் முகத்துக்கு நேரே நீட்டியவள் ஆயிற்றே! இந்தத் தரையைப் பார்த்தால் என் மகளை வாழ்நாள் முழுதும் குத்திக் காட்டுவாளே!"

ஆபத்சகாயம் சட்டென்று எழுந்தார். பழம் நழுவி வாய்க்கு அருகே வந்துவிட்டது. பாலை மட்டும் அவர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

"மகாராஜா, கவலை எதற்கு? குழைக்காதர் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, குனிய முடியாது. இவரோ தாம் சாப்பிட்ட இலையைக்கூடக் குனிந்து எடுக்காதவர். ஆனாலும் வீடு பளிச்சென்று இருக்கிறது. ஏதோ அபூர்வ உபாயம் அறிந்திருக்கிறார். தங்களிடம் சொல்லாமல் மறைக்கிறார்."

குழைக்காதர் வீட்டில் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியார்தான் பெருக்கி மெழுகுகிறாள் என்பது மந்திரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"மறைத்தாயா குழைக்காதா?" என்றார் அரசர். சிரித்த முகம் போய்க் கடுத்த முகம் வந்திருந்தது. "வெள்ளிக்கிழமை காலைக்குள் இந்த மண்டபம் பளபளக்க வேண்டும். துடைப்பம் கூடாது."

"வேலையாட்களை ஏவுவதும் உபாயம் ஆகாது மகாராஜா," என்று எடுத்துக் கொடுத்தார் ஆபத்சகாயம். "ஒரு வேலையாள்கூட உள்ளே வரக்கூடாது. குழைக்காதர் இடுப்பும் வளையக்கூடாது."

"நல்லது. சபைப் பெரியவர்கள் யாராவது ஒரு கை கொடுத்தால்..." என்று இழுத்தார் குழைக்காதர்.

"என்ன துணிச்சல்! அரச சபையினர் தரை துடைப்பதா? சபையோர் ஒருவர் கையும் தரையில் படக்கூடாது. இதையும் ஆணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் மகாராஜா!"

"சேர்த்தாயிற்று," என்றார் அரசர். "முடியாவிட்டால் குழைக்காதா, அன்றைக்கே நீ குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும். சம்பந்தியம்மாள் முன்னால் என் மானம் போனால், நீ இங்கே இருக்க மாட்டாய்."

நிறைமாதப் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவதை நினைத்தோ என்னவோ, குழைக்காதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதைப் பார்த்த ஆபத்சகாயம் அன்றிரவு இரண்டு அதிரசம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மாலை குழைக்காதர் மந்திரியின் வீட்டுக்கே வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை, இடுப்பில் இருந்தது.

"வாரும், வாரும்! மண்டபம் எந்த அளவில் இருக்கிறது?" என்றார் மந்திரி.

"பூனைகள் சௌக்கியமாக இருக்கின்றன மந்திரியாரே. வீட்டில் மூட்டை கட்டியாகிவிட்டது. 'மாப்பிள்ளே, அந்த அப்பளத்தை வாய்க்குள்ளேயே மென்னு முழுங்கியிருக்கக் கூடாதா?'ன்னு மாமியார் காலையிலிருந்து ஒரே பாட்டு. போகும் முன்னால் தங்களிடம் ஒரு யோசனை கேட்க வந்தேன்."

"கேளும், கேளும்."

"கோவிலில் ஈரத் துணியோடு பிரகாரத்தைச் சுற்றி அங்கப்பிரதட்சிணம் செய்கிறோம். அரசரும் நமக்குப் பாதி சாமிதானே? அவர் நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சிம்மாசனத்தைச் சுற்றி யாராவது உருண்டால் எப்படி இருக்கும்? நாளைக் காலையில் அரசர் உள்ளே நுழையும் நேரத்தில், சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு, தலைக்கு மேல் கை கூப்பி ஒருவன் உருண்டுகொண்டிருந்தால், அவர் மனம் இளகிவிடாதா? தாங்கள் அனுபவசாலி. தாங்களே சொல்லுங்கள்."

ஆபத்சகாயத்துக்குப் பகீரென்றது. இளகுமாவது! அரசர் கண்ணீரே விடுவார். மன்னிப்பென்ன, பாதி ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். இவ்வளவு அருமையான யோசனை, இத்தனை வருஷம் காக்கா பிடித்த தமக்குத் தோன்றாமல் போயிற்றே!

"சே சே!" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "வெறும் அசட்டுத்தனம். அரசருக்கு இந்த மாதிரி முகஸ்துதி அறவே பிடிக்காது. உமக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும்."

"அப்படியா? தாங்களே சொன்னபிறகு அப்பீல் ஏது? விட்டுவிடுகிறேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார் குழைக்காதர். இவ்வளவு சுலபமாகவா விட்டுவிடுகிறான் என்று மந்திரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் மனத்தில் அவர் ஏற்கெனவே உருள ஆரம்பித்திருந்தார்.

"கோமளம்! என் புது வெண்பட்டை எடுத்து வை. விடிந்ததும் நான் அங்கப்பிரதட்சிணம் செய்யப் போகிறேன்."

மனைவி கோமளவல்லி எட்டிப் பார்த்தாள். "உங்க முதுகு இருக்கிற இருப்புக்கா? நேத்துத்தானே செருப்பை மாட்டக் குனிஞ்சு, 'அம்மா'ன்னு அலறினீங்க?"

"முதுகு போனால் போகிறது. வலப்பக்கத்து ஆசனம் கிடைக்கும். நீ இதை ஒரு குஞ்சுக்கும் சொல்லக்கூடாது, தெரிந்ததா?"

கோமளவல்லி ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். தங்கை தளபதியின் மனைவி. அவள் வைத்தியர் வீட்டம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

பொழுது புலர்ந்தது. அரண்மனைக் குளத்தில் முங்கி எழுந்து, பற்கள் தந்தியடிக்க மண்டபத்துக்குள் நுழைந்த ஆபத்சகாயம் அப்படியே நின்றுவிட்டார். தளபதி ஏற்கெனவே ஒரு சுற்று முடித்திருந்தார்! வைத்தியர் தூண் ஓரமாக உருண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சபையே உருண்டுகொண்டிருந்தது.

"துரோகி! இது என் வேண்டுதல்!" என்று கத்தினார் மந்திரி.

"அரசர் எல்லோருக்கும் பொது, அண்ணா. வழியை விடுங்க!" என்று சொல்லிக்கொண்டே அவர் காலடியில் உருண்டு போனார் தளபதி.

இனிப் பேச நேரமில்லை. ஆபத்சகாயம் தடாலென்று விழுந்தார். கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். "மகாராஜா நூறாண்டு!" என்று உருண்டார். புளித்த மோர் ஒட்டிய இடத்தில் கொஞ்சம் தேய்த்துத்தான் உருள வேண்டியிருந்தது, தேய்த்து உருண்டார். துணி காய்ந்துபோனால் பக்தி குறைந்ததாகிவிடும் என்று தளபதி ஒவ்வொரு சுற்றுக்கும் குளத்தில் முங்கி வந்தார். உடனே எல்லோரும் ஓடிப்போய் முங்கி வந்தார்கள். சிம்மாசனத்தை ஒட்டி இடம் கிடைக்காத புலவர், வேறு வழியில்லாமல் மூலை மூலையாக உருண்டு, தாம் தூவச் சொன்ன மிளகுப் பொடியைத் தாமே அள்ளிக்கொண்டு, தும்மித் தும்மி வாழ்த்துப் பாடினார். கூட்டம் புகுந்த வேகத்தில் பூனைகள் சாளரம் வழியாக ஓட்டம் பிடித்தன.

அரசர் வந்தார். பின்னால், காய்ந்த வேட்டியும் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரமுமாகக் குழைக்காதர் வந்தார்.

"ஆகா!" என்று நெஞ்சில் கை வைத்தார் அரசர். "என் மேல் இத்தனை அன்பா! என் கண் கலங்குகிறது."

"கொஞ்சம் தரையையும் பாருங்கள் மகாராஜா," என்றார் குழைக்காதர்.

அரசர் குனிந்து பார்த்தார். கருங்கல் தரையில் அவருடைய மீசையின் நரைகூடத் தெரிந்தது. பிறகு மந்திரியின் முதுகைப் பார்த்தார். வெண்பட்டு அடுப்புக்கரித் துணியாகியிருந்தது.

"துடைப்பம் நுழையவில்லை. வேலையாட்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். என் இடுப்பு வளையவில்லை. சபையோர் கை தரையில் பட்டதா என்று அவர்களையே கேளுங்கள்."

அத்தனை பேர் கையும் இன்னும் தலைக்கு மேல் கூப்பியபடி இருந்தது.

ஆபத்சகாயத்துக்கு அப்போதுதான் விளங்கியது. "மோசம்! சூழ்ச்சி! எங்களை வைத்துத் தரையைத் துடைத்துவிட்டான் மகாராஜா!" என்று அலறினார்.

"ஐயோ, அப்படியா?" என்றார் குழைக்காதர் பதறினவர்போல. "அப்படியானால் மந்திரியார் அரசரின் ஆயுளுக்காக உருளவில்லையா? வேறு எதற்காக உருண்டார்?"

அரசரின் ஒரு புருவம் மேலே போயிற்று. ஆபத்சகாயம் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அன்புதான் மகாராஜா! சுத்தமான அன்பு!"

"தரையே சொல்கிறதே," என்றார் குழைக்காதர்.

அவ்வளவுதான். அரசர் சிம்மாசனத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் கழன்று விழும்வரை சிரித்தார்.

நண்பகலில் சம்பந்தியம்மாள் வந்தாள். உட்காரும் முன்னால் தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ம்..." என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாலு யுத்தத்தில் ஜெயித்தபோதுகூட அரசர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம் வந்ததில்லை. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். பிரசவம் முடியும்வரை வீட்டோடு இருக்க அரண்மனை மருத்துவச்சியையும் அனுப்பினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"துடைப்பத்தை மறுபடி உள்ளே விடுங்கள் மகாராஜா. தாங்கள் எழுந்திருக்கும் முன்னால் பெருக்கிவிடுவார்கள். சபையோரின் அன்பைத் தினமும் சோதிக்கக் கூடாது."

"தினமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் போதும்," என்றார் அரசர், மீசைக்குள் சிரித்தபடி. "விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வரட்டும். கட்டாயமே இல்லை. யார் யார் வந்தார்கள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஆபத்சகாயம் பச்சிலைப் பற்றுப் போட்ட முதுகோடு எழுந்து, இன்னொரு பட்டு வேட்டியைத் தேடினார்.

"எதுக்குங்க பட்டு?" என்றாள் கோமளவல்லி, துவைத்துத் துவைத்து நைந்த ஒரு பருத்தி வேட்டியை எடுத்து அவர் கையில் திணித்து. "பழசு கட்டிக்கிட்டுப் போங்க. அதுதான் நல்லா உறிஞ்சும். தளபதிக்கு என் தங்கச்சி நேத்தே எடுத்து வச்சிட்டா."

மந்திரி அதை வாங்கிக்கொண்டு குளத்தை நோக்கி ஓடினார்.