கால் வெட்டிய எல்.இ.டி.

மாதா கோயிலின் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கென்று ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரே ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு மிச்சமிருந்தது. ரேடியோ மாஸ்டர் அருளப்பன் பிளஸைக் காட்டும் அதன் நெட்டைக்காலையும் மைனஸான குட்டைக்காலையும் ஒரே அளவாக வெட்டி, வேலை பழக வந்த ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“இதுல எது பிளஸ்? தப்பா மாட்டுனா நாளைக்கு வராதே.”

“தப்பா மாட்டுனா எரியாது, அவ்வளவுதானே மாஸ்டர். சரியா மாட்டத்தான் பயமா இருக்கு.”

“சரியா மாட்ட என்ன பயம்? கொடு இங்க!”

பிடுங்கியவர் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நேரடியாக வைத்தார். எல்.இ.டி. பளீரென்று மின்னிக் கருகியது.

“கரண்டைக் குறைக்க ரெசிஸ்டர் போடலியே மாஸ்டர்!”

கடையே சிரித்தது. ஜெசிந்தாவின் வேலையும் நிலைத்தது.

மாலையில் கோயில் வாசலில் நட்சத்திரம் இருட்டாகத் தொங்கியது. ரெசிஸ்டர் என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் முன்னாலேயே சொல்லியிருந்தால் அது எரிந்திருக்கும். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.